நூறு

பெனடிக்ரா அக்கா கொண்டுவந்து வைத்த செற்,
இரண்டு ஸ்பீக்கர், ரேப் போடுகிற வகை.
ஸ்பீக்கர் வலையில் நூல் துணுக்குகள்,
கைபிடியில் துணி கீறும் நீலக்கட்டியின் தூள்.
“கரகரக்குது தம்பி.
மற்றும்படி நல்ல சாமான்.”

ஸ்ரான்லி வீதி. மத்தியானம். கரண்ட் இருந்தது.
பலன்ஸ் திருகியின் கோடு
இடப்பக்கம் ஒன்பது மணியில் நின்றது.
“ஏன் இதிலை விட்டிருக்கிறியள்?”
“அது அப்பிடித்தான்.
அதிலை விட்டால்தான் ரெண்டும் ஒண்டாக் கேக்கும்.”

அது அப்பிடித்தான் என்று சனம் சொல்லுற இடத்தில்தான்
என்னுடைய வேலை தொடங்குகிறது.

திருகியை நடுவுக்குக் கொண்டுவந்தேன்.
இடது சுருங்கி
அடுத்த வளவில் பாடுவது போல ஆகிற்று.
ஸ்பீக்கர் வயர்களை மாறிப் பூட்டினேன்,
குறைச்சல் எழும்பி மற்றப் பக்கம் போய்க் குந்திக்கொண்டது.
ஆக, ஸ்பீக்கரில் குற்றமில்லை.
ஹெட்டை ஸ்பிரிற்றில் துடைத்தேன்.
பஞ்சில் மண்நிறம் வந்தது, சத்தம் வரவில்லை.
பிறகு என் சோதனை ரேப்:
ஒரே சுருதியில் ஒரு நீண்ட ஊ,
இரண்டு பக்கமும் ஒரே அளவாய்ப் பதிந்தது.
அதைக் கேட்டால் பக்கத்துக் கடை பற்றிக் காதைப் பொத்துவான்.
மீற்றர் சொன்னது:
வலது, ஒன்று தசம் ஆறு.
இடது, தசம் எட்டு.

கரகரப்பு சின்ன விஷயம்.
ஒரே இடத்தில் நின்று நின்று
திருகியின் கரிப்பாதை அங்கே மட்டும் தேய்ந்துபோயிற்று.
தேய வைத்தது எது என்பதுதான் கேள்வி.

ஸ்ரீரியோவில் ஒரு வசதி இருக்கிறது,
வரைபடம் தேவையில்லை.
நல்லாயிருக்கிற பாதிதான்
பழுதாய்ப் போன பாதிக்கு வரைபடம்.
வலதில் ஒரு புள்ளி, இடதில் அதே புள்ளி,
ஸ்பீக்கரில் இருந்து பின்னுக்கு, பின்னுக்கு,
சமன் வருமட்டும்.

வந்தது.
ஒரு ரெசிஸ்டருக்கு முன்னால் சமன், பின்னால் பாதி.
வலதில் மஞ்சள், ஊதா, செம்மஞ்சள்: நாற்பத்தேழு.
இடதில் பழுப்பு, கறுப்பு, மஞ்சள்:
நூறு.

கொம்பனிக்காரன் பிழை விடமாட்டான் என்றில்லை.
ஆனால் இந்த ஈயம் கொம்பனி ஈயம் இல்லை.
மங்கல், கட்டி, உருக்கி மறுபடி உருக்கினது.
போர்டைத் திருப்பினேன்.
கம்பிக்காலை முதலில் இடப்பக்கம் மடித்து,
ஒரு அரைச்சுற்றுச் சுற்றி,
பிறகு ஒட்டியிருந்தது.

அப்படி மடிக்கிறவன் இந்த ஊரில் ஒருவன்தான்.
இப்போதும் அப்படித்தான் மடிக்கிறேன்.

கரண்ட் இல்லாத வருஷங்கள்.
சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க,
டைனமோவில் செய்தி கேட்ட காலம்.
நாற்பத்தேழு எங்கேயும் இல்லை.
செத்த ரீவி ஒன்றில் நூறு இருந்தது.
எனக்குப் பத்தொன்பது வயது,
மீசை இல்லை, தலையில் மயிர் இருந்தது.
அக்காவுக்கு இந்த முகம் பிடிபடாததில் ஆச்சரியமில்லை.

புதிய நாற்பத்தேழு, நான்கு ரூபாய்.
மடித்து, சுற்றி, ஒட்டினேன்.
திருகி நடுவில்.
இரண்டும் ஒன்று தசம் ஆறு.

அக்கா கேட்டுப் பார்த்தா.
“இப்ப வலது குறையுது போல.”
கை தானாய்ப் போய்த் திருகியை ஒன்பது மணிக்குத் திருப்பிற்று.
“இல்லை இல்லை. இது கூடிப்போச்சு.”
திரும்ப நடுவுக்கு.
“என்ன பிழையாம் உள்ளுக்கை?”

“முந்தி ஒருத்தன் மாறிப் போட்டிருக்கிறான்.”

“ஆர், அந்தப் பெடியனோ?
அவன் காசு வாங்கேல்லைத் தம்பி.
ரெண்டிலயும் பாடுது, காணும் எண்டு
நான்தான் சொன்னனான்.
அவனைப் பிழை சொல்லாதேங்கோ.”

முந்நூற்றைம்பது என்று பில்லில் எழுதியிருந்தேன்.
எழுதினதை வெட்டவில்லை. கடை வாடகை இருக்கிறது.
அக்கா எண்ணித் தந்தா,
செற்றை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினா.

கழற்றினதை மேசையில் போட்டு
ஒருக்கால் அளந்து பார்த்தேன்.

நூறு.
இத்தனை வருஷத்துக்குப் பிறகும் சரியாக நூறு.