அன்றிரவு வீட்டில் இருந்தோர்

வெள்ளைக் கோபுரம் என்கிறார்கள்.
வெள்ளை இல்லை, பாலில் ஊறிய ரஸ்க்கின் நிறம்.
சிறைச்சாலையாய் இருந்த காலத்தில் ஒரு கைதி
தன் விடுதலைக்கு விலையாக
அடி முதல் முடி வரை சுண்ணாம்பு அடித்தானாம்.
சுண்ணாம்பு எப்போதோ உதிர்ந்துவிட்டது.
பெயர்தான் உதிர மாட்டேன் என்கிறது.

தெசலோனிக்கி.
வர்தாரிஸ் காற்று அடித்த மறுநாள்
வளைகுடாவுக்கு அக்கரையில் ஒலிம்பஸ் மலை
எதிர்வீட்டுக் கொடியில் காயும் போர்வை போலக்
கைக்கெட்டும் தூரத்தில் தெரியும்.
மற்ற நாளெல்லாம் கடலும் வானமும் ஒரே சாம்பல்.
அந்தச் சாம்பலில்தான் ஐந்து வாரம்
அரசாங்கத்துக்காகத் தலை எண்ணினேன்,
ஸ்மாரோ என்கிற நான்,
எக்னாதியா சாலைச் செருப்புக் கடை மூடியதில்
வேலை போனவள்.
தலைக்கு இவ்வளவு என்று கூலி.
செத்தவர்களுக்குப் படி கிடையாது.

எல்லாக் கதவிலும் கேள்வி ஒன்றுதான்:
அன்றிரவு இந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தீர்கள்?

மேல்நகரத்தில் ப்ரோத்ரொமோஸ் விரல் விட்டுப் பார்த்து
நாலு என்றார், நாயோடு ஐந்து.
அவர் அப்பா பிறந்தது ஒரு மசூதி மூலையில்,
இரண்டு கம்பளித் திரைகளுக்கு நடுவே,
சில்லறை மாற்றுவது போல இரண்டு நாடுகள்
மனிதர்களை மாற்றிக்கொண்ட வருஷம்.
இங்கிருந்து போனவர்கள் வீட்டைப் பூட்டிச்
சாவியைக் கையோடு கொண்டுபோனார்கள்.
"பூட்டை மாற்றிவிட்டோம்" என்றார்,
யாரோ கேட்டது போல.

துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் அறையில் ஒன்பது பேர்.
எட்டு என்று எழுதச் சொன்னார்கள்.
ஒன்பதாமவன் கட்டிலுக்குக் கீழே தும்மினான்.
எட்டு என்றே எழுதினேன்.

ரொத்தொந்தா, அந்த வட்டக் கட்டிடம்,
கோயிலாய், மசூதியாய், மறுபடி கோயிலாய், அருங்காட்சியகமாய்
சட்டை மாற்றி மாற்றி நின்றது.
அதன் மினாரை மட்டும் யாருக்கும் இடிக்கத் தோன்றவில்லை.
கீழ்ப்படியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றேன், எள் ஒட்டிய விரலோடு கூட்டல் போட்டேன்.

பல்கலைக்கழக விடுதியில் முந்நூற்றுப் பதினாறு.
அது நிற்பது யூதர்களின் இடுகாட்டின் மேல்.
படிவத்தில் தளம் என்ற பத்திக்கு
மைனஸ் எண்கள் செல்லாது.
ஒரு காலம் சனிக்கிழமை வந்தால்
இந்தத் துறைமுகமே படுத்துவிடும்,
மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஓய்வு நாள்,
எந்தக் கொம்பன் கப்பலானாலும் காத்திருக்கட்டும்.
பிறகு ஒரு வசந்தத்தில் தொடங்கி
ரயில் மேல் ரயிலாய் அவர்கள் போனார்கள்.
எண்ணித்தான் ஏற்றினார்கள்.
அதுவும் ஒரு தலைக்கணக்கு.
அதற்கும் யாரோ கூலி வாங்கியிருப்பார்கள்.

அதற்கும் முன்னால் எரிந்தது ஊர்,
கத்திரிக்காய் வதக்கிய அடுப்பிலிருந்து கிளம்பிய தீயாம்.
எழுபதாயிரம் பேருக்குக் கூரை போயிற்று.
கத்திரிக்காய் இன்றும் வதக்குகிறோம்.

கடைசி நாள் என் வீடு.
குழாய் ஒழுகுகிறதென்று அக்ரோன் வந்திருந்தான்,
கொர்ச்சாவிலிருந்து வந்த அல்பேனியன், பேச்சுக் குறைவு.
குளியலறைப் பளிங்குக் கல்லை நெம்பித் திருப்பினான்.
அடிப்பக்கம் முழுக்க எழுத்து.
எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது,
வலமிருந்து இடமாய் ஓடுகிற கட்டை எழுத்து.
ஓரத்தில் ஒரு சின்னப் பூ.
எட்டு வருஷமாய் நான் தலை துவட்டிக்கொண்டு
நின்ற இடம்.

யூத அருங்காட்சியகத்துக்கு ஃபோன் செய்தேன்.
செவ்வாய்க்கிழமை வருகிறோம் என்றார்கள்,
இந்த மாதம் இது மூன்றாவது குளியலறை என்றார்கள்.
"அதுவரை எப்படி வைக்க," அக்ரோன் கேட்டான்,
"எழுத்து மேலேயா, கீழேயா?"

நான் படிவத்தை எடுத்தேன்.
பேனாவால் ஒன்று என்று எழுதினேன்.
பேனா நீலம், அரசாங்கத்துடையது,
அழியாது.
அவன் கல்லைப் பிடித்தபடியே நின்றான்.
கனம் தாங்காமல் ஒரு முழங்காலை முட்டுக் கொடுத்தான்.