சிவப்பு நாடா

எதிர்க்காற்றில் சைக்கிளை உருட்டியபடி
வல்லை வெளியால் நடந்தோம்.
வலப்பக்கம் புதுக் கோல்ஃப் திடல்.
பாதிப் புல்லைத்தான் வெட்டுகிறார்கள்,
மீதி கௌதாரிக்காம்.

உவர்க்குட்டையில் ஒரு நாரை.
அதற்கும் அப்பால்
தொப்பிக்காரர் ஒருவர்
அடிக்கக் குனிந்து, நிமிர்ந்து,
மறுபடி குனிந்தார்.

வேலியோரம் நான்கு தடி,
சுற்றிச் சிவப்பு நாடா.
நின்றுவிட்டேன்.
வந்த அடிச்சுவட்டைத்
தானாய்த் தேடிற்று கால்.

"மிதிவெடி இல்லையடி"
என்றாள் புஸ்பவதனி.
அதற்குள் ஆட்காட்டி எழும்பிக் கத்தியது.
நாடாவின் நடுவே, வெறும் மண்ணில்
புள்ளி விழுந்த மூன்று முட்டை.
ஒரு சாண் தள்ளி
வெள்ளைப் பந்து.

புல் வெட்டும் இருதயதாஸ்
மெசினை நிற்பாட்டிச் சொன்னார்:
பொரிக்கும் வரைக்கும்
பந்தெடுக்க ஒருத்தரும் வரமாட்டினம்.

அவள் சைக்கிளில் ஏறிவிட்டாள்.
நான் இன்னும்
ஒற்றைக் காலில்.