விழுங்கும் வசதி கருதி

ஆறு கண்ணாடிக் குடுவைகள்.
ஒவ்வொன்றிலும் தொள்ளாயிரம் மில்லி,
முப்பத்தேழு டிகிரி, நிமிடத்துக்கு ஐம்பது சுற்று.
வயிறென்றால் இவ்வளவுதான் என்று
எங்கள் ஆய்வகம் நம்புகிறது.
பசியில்லை, பதற்றமில்லை,
நேற்று ராத்திரித் தின்ற களியில்லை.

மணிக்கொரு தரம் ஐந்து மில்லி உறிஞ்சி
எண் எழுதுகிறேன்.
காலை ஏழுக்குப் போட்டால் மதியம் மூன்று வரை
மாத்திரை அவசரப்படக் கூடாது.
இது ஒன்பதாவது கலவை.
முதலாவது அரைமணியில் கரைந்தே போனது.
நான்காவது கரையவே இல்லை,
கூழாங்கல் மாதிரி அடியில் கிடந்து
என்னைப் பார்த்தது.
ஏழாவதற்கு அச்சை விட்டு வரும்போதே
தலை தனியே கழன்றது.

சிறுகுறிஞ்சான் இலை அஞ்செட்டிப் பக்கமிருந்து வரும்,
பஸ் கூரைமேல், சாக்கில்.
கொண்டுவருபவர் திம்மராயன்.
காய்ந்ததென்றால் கிலோ நூற்றிருபது, ஈரமென்றால் நூறு.

இலை அரைக்கிற நாளில் என் நாக்கு என்னுடையதில்லை.
முகக்கவசத்தைத் தாண்டித் தூள் வந்துவிடும்.
கேன்டீன் டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டும்
வெந்நீர்தான்.
வெளியே மாங்கூழ் ஆலை ஓடுகிறது,
கிருஷ்ணகிரிக்கே வாசம் ஏறிக் கிடக்கிறது.
ஷகிலா நறுக்கித் தந்த செந்தூராவை
நனைந்த துணி மாதிரி மென்றேன்.
மூக்குக்கு மட்டும் அது மாம்பழம்.

போன வியாழன்
ஈரப்பதம் பார்க்கும் இருபது நிமிடமும்
வராந்தா பெஞ்சில் இருந்தார் திம்மராயன்.
சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டை எடுத்தார்,
மடியிலிருந்து பாக்குவெட்டி.
நறுக்.
ஒரு பாதி வாய்க்கு.
ஒரு பாதி பொட்டலத்துக்கு, ராத்திரிக்கு.

அட்டையை வாங்கிப் பார்த்தேன்.
மெட்ஃபார்மின், ஆயிரம், எஸ்.ஆர்.
மெதுவாகக் கரையட்டும் என்றே
யாரோ, எந்த ஊரிலோ,
ஆறு குடுவைக்கு முன்னால் கால்கடுக்க நின்று செய்தது.

“இதை உடைக்கக் கூடாதுங்க.”
“உடைக்காம? தொண்டையில நிக்குது.
ரெண்டு புளியங்கொட்டைய ஒட்டினாப்ல இருக்குது.
முழுசா முழுங்குன்னாரு டாக்டரு.
அவரு முழுங்கிப் பாத்தாரா?”
“மருந்துக்கடையில எதுவும் சொல்லலையா?”
“சில்லறை இல்லைன்னாங்க.”
“உங்க இலைய மெல்லலாமே” என்றேன், விளையாட்டாக.
“அது விக்கிறதுக்குங்க.”

ஈரப்பதச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்:
ஐநூறு எஸ்.ஆர்., சிறியது, இரண்டு.
டாக்டரிடம் காட்டவும்.
முன்பக்கம் பதினொன்று புள்ளி நான்கு.
கிலோவுக்கு இருபது ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம்
ஒன்பதாவது கலவையில் மருந்தில்லாத ஒன்றை
அச்சடித்து வாயில் போட்டேன்.
எட்டு மாதத்தில் முதல் தடவை.
பன்னிரண்டு மில்லிமீட்டர்.
நெஞ்சுக்கு மேலே நின்றுகொண்டது.
இரண்டு டம்ளர் தண்ணீர் இறங்கியபின்தான் இறங்கிற்று.

அச்சைக் கழற்றினேன். எட்டு மில்லிமீட்டர் கேட்டேன்.
“ஒன்பதாவது நன்றாகத்தானே வந்தது?” என்றார் வழிகாட்டி.
மாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில்
விழுங்கும் வசதி கருதி என்று எழுதினேன்.
பாக்குவெட்டியை எழுதக் கட்டமில்லை.

பத்தாவது கலவை முதல் மணியிலேயே
பாதி கரைந்து தொலைத்தது.
சின்ன மாத்திரைக்கு எல்லாப் பக்கமும் வாசல்.
திரும்ப ஒன்றிலிருந்து.

அடுத்த சாக்கைக் கண்டக்டர் இறக்கிவிட்டுப் போனார்.
ஈரப்பதம் எட்டு. முழுப் பணம்.
சாக்கின் வாயில் சணலோடு கட்டியிருந்தது
என் பழைய சீட்டு.
‘பதினாலு கிலோ’ என்று பென்சிலில்,
என் எழுத்தின் குறுக்கே.
அதற்கும் கீழே பச்சை மையில் ஒரு டிக்.
போட்டது டாக்டரா, கண்டக்டரா,
தெரியவில்லை.