இரண்டு அலகு

வண்ணார்பேட்டை மூன்றாம் மாடியில்
லண்டன் நேரத்துக்கு எரிகிறது விளக்கு.
ஆறு நிமிடம் ஓர் அலகு.
டீக்கு இறங்கினால் கடிகாரத்தை நிறுத்தணும்;
இறங்குவதில்லை.

பணகுடிக் காற்றாலைக் குத்தகை,
நாற்பத்தாறாம் பக்கம்:
‘காற்று வீசாதது கடவுள் செயல் ஆகாது.’
நான் எழுதிய வரி.
பாராட்டி மெயில் வந்தது.

சர்வே எண் பட்டியலில்
சித்தப்பாவின் ஒன்றரை ஏக்கர்.
நலமுரண் படிவத்தில் ‘உண்டு’ என்று குறித்தேன்.
கோப்பு ஜெபசீலியின் மேசைக்குப் போனது.
எங்களுக்கு நடுவே மூன்றடி;
அலுவலக விதியில் அதற்குப் பேர் சுவர்.

ராத்திரி போன்:
‘ஏட்டி, கையெழுத்து போட்டுரலாமா?
நீ படிச்சவதானே, சொல்லு.’

மழை உண்டா சித்தப்பா என்று கேட்டேன்.
அவர் வெகுநேரம் மழையைப் பற்றியே பேசினார்.

ஏழு நிமிடம்.
எந்தக் கட்சிக்காரர் பேரில் எழுத?
ஜெபசீலி
தன் திரையைச் சற்றுத்
திருப்பிக்கொண்டாள்.