மேசையைக் கேள்

இந்த மாதப் புதிர் யோஸ்டுடையது:
ஒற்றை வரி மெட்டு, இருபத்தெட்டுச் சுரம்,
மேலே பென்சிலில்: "மேசையைக் கேள்."
பாட வேண்டியவர் இருவர்.
இரண்டாமவர் எங்கே நுழைவார்?

எங்கள் டச்சில் மேசைக்கும்
பெருக்கல் வாய்ப்பாட்டுக்கும் சொல் ஒன்று.
விட்டேனா நான்? வரி அலுவலகத்து ஆள்.
நாலாம் வாய்ப்பாட்டில் சுரங்களை உருவி
ஏழேழாய்க் கோத்துக் கொடுத்தேன்.
பாவோ பாடிப் பார்த்தான்.
கீழே சைக்கிள் கடை நாய் குரைத்தது.
"அதற்கே தெரிகிறது" என்றான்.

யோஸ்ட் வாய் திறக்கவில்லை.
சீஸ் துண்டைக் கடுகில் தோய்த்துத் தோய்த்து
எங்களைத் தின்றுகொண்டிருந்தான்.

ஒன்பதரைக்கு வந்தாள் கோடலீவ்,
சங்கிலி கழன்ற சைக்கிளை
கென்ட் நகர மழை முழுக்க உருட்டிக்கொண்டு.
எங்கள் பக்கம் நாற்காலி இல்லை.
எதிரே உட்கார்ந்தாள், கண்ணாடி துடைத்தாள்,
தனக்கு நேராகத் தெரிந்த தாளை
அப்படியே முணுமுணுத்தாள்.
எங்கள் கடைசிச் சுரம்
அவளுக்கு முதல்.

தாளைத் திருப்பப் போன என் கையை
பாவோ தட்டிவிட்டான்.
இந்தக் கரையிலிருந்து அவன்,
அந்தக் கரையிலிருந்து அவள்;
குறுகிய பாலத்தில்
இரண்டு சைக்கிள்கள் போல
உரசாமல் கடந்தார்கள்.

வாய்ப்பாட்டைக் கசக்கிப் பைக்குள் போட்டேன்.
பொறுக்கவில்லை, சொல்லிவிட்டேன்:
எட்டும் இருபத்தொன்றும் இடிக்கிறது.
"இருக்காது" என்று எழுந்தான் யோஸ்ட்.
மறுபடி பாடினார்கள்.
இடித்தது.

கடுகு தொட்ட விரலோடு
மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான்.
பத்தே முக்காலுக்குக் கடைசி டிராம்.
யாரும் கோட்டை எடுக்கவில்லை.