துளையில்லாத சீட்டு

கைப்பட்டையைப் பார்த்ததும்
சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும்
பின்கழுத்துகளைக் கொண்டுதான்
இந்த ஊரை அறிவேன் நான்,
எமொக்கே,
புடாபெஸ்ட் நகரப் போக்குவரத்து,
டிக்கெட் பரிசோதகர், பதினோராம் வருடம்.

இரண்டாம் எண் டிராம்
ஆற்றை ஒட்டியே வடக்கே போகும்.
ஏறியவர்கள் எல்லோரும் இடப்பக்கம் சாய்வார்கள்.
கோட்டை! பாலம்! அதோ அதோ!
வண்டியே டான்யூபில் கவிழ்ந்துவிடும் போலிருக்கும்.
அப்போதுதான் நான் வலப்பக்கத்தில் தொடங்குவேன்.
சீட்டு இருக்கிறதா,
சீட்டில் துளை இருக்கிறதா.

துளைபோடும் ஆரஞ்சுப் பெட்டியை
தபால்பெட்டி என்று நினைத்துவிட்டதாகச் சொன்னான் ஒருவன்.
ஒருத்தி
சீட்டைக் காயப்படுத்த மனம் வரவில்லை என்றாள்.
இருவருக்கும் அபராதம் ஒன்றுதான்.

நவம்பர், ஒரு செவ்வாய்.
நீல மழைக்கோட்டில் ஒரு பெண்,
மடியில் விரித்த வரைபடம்.
மடிப்புகள் கிழிந்த இடமெல்லாம்
காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி.
நான் வாய் திறக்குமுன் அவள் கேட்டாள்:
"லெனின் வளையச்சாலைக்கு எங்கே இறங்கணும்?"

பின்னிருக்கைப் பெரியவர் சிரித்துவிட்டார்.
"அவர் கிளம்பி ரொம்ப நாளாச்சு அம்மா."
கடைசி நிறுத்தத்தில் ஆறாம் எண்ணுக்கு மாறுங்கள் என்றேன்.
லெனின் ஒருவர் படுத்திருந்த நீளத்தில்
இப்போது இரண்டு பெண்கள்:
பாதிவரை தெரேஸ், மீதி எர்ஷெபெத்.
நவம்பர் ஏழு சதுக்கம்
மாதமும் தேதியும் உதிர்ந்து
வெறும் எண்கோணம் ஆகிவிட்டது.
மாஸ்கோ சதுக்கத்துக்குப் பெயர் மாற்றினார்கள்.
எங்கள் வாய்க்குத்தான் யாரும் சொல்லவில்லை.

தாம்பெரேயிலிருந்து வருகிறாளாம். பெயர் ஔலிக்கி.
பதினாறு வயதில்
பள்ளிப் பாடகர் குழுவோடு வந்தவள்.
வந்த அன்றே காய்ச்சல்.
நான்கு நாளும் மற்றவர்கள் ஊர்சுற்ற,
விடுதிக் கட்டிலில்
இந்த வரைபடத்தின் மேல் விரலால் நடந்தாளாம்.
குளியல் மண்டபம், மலை ரயில், மார்கித் தீவு.
எந்தத் தெரு எதில் போய் முட்டும் என்று
இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.
சொன்னாள்.
எல்லாம் சரி,
பெயர்களைத் தவிர.

"சங்கிலிப் பாலத்துச் சிங்கங்களுக்கு
நாக்கே இல்லையாமே?"
இருக்கிறது. கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது, என்றேன்.
யாரோ சொல்லிக் கேட்டதுதான்.
நான் அண்ணாந்து பார்த்ததில்லை.

கரை விளிம்பில் இரும்புக் காலணிகள்
வரிசையாய், சோடி சோடியாய்,
மழைத்தண்ணீர் நிரம்பி.
அவள் வரைபடத்தில் தேடினாள்.
இதில் இருக்காது.
வைத்தது பிறகு.
நடந்தது முன்பு.
அதற்குமேல் அவள் கேட்கவில்லை.
அந்த வளைவில் சக்கரங்கள் கிறீச்சிடும்,
எப்போதும் போலக் கிறீச்சிட்டன.

பிறகுதான் சீட்டைக் கேட்டேன்.
கொடுத்தாள்.
பாலாடை போலச் சுத்தமாக,
ஒரு துளை இல்லை.

கடைசிக் கதவருகே திஹமேர்,
ரசீதுப் புத்தகத்தோடு, உதட்டில் பேனா மூடியோடு.
நான் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.
ஆரஞ்சுப் பெட்டியின் வாயில் சீட்டைச் செருகி
கைப்பிடியை இழுத்தேன்.
கடக்.
இவ்வளவு சத்தம் போடும் என்று
இத்தனை வருடத்தில் தெரியாது.

கொஷுத் சதுக்கம்.
"இது மாறவில்லை!" என்று
வரைபடத்தில் விரலை ஊன்றிக்கொண்டே இறங்கினாள்.
நாடாளுமன்றத்தை அவள் பார்க்கவில்லை,
விரலைத்தான் பார்த்தாள் முதலில்.
அப்புறம் மெதுவாகத் தலை தூக்கினாள்.

கதவு மூடியது.
நான் இடப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.
ஆறு அகலமாக இருந்தது.
நினைத்ததைவிட அழுக்காகவும்.
எதிர்க்கரையில் ஒரு சன்னலை
யாரோ திறந்து, உதறி, மூடினார்கள்.
துணியோ, தலையணை உறையோ.

"வலப்பக்கம் முடிஞ்சுதா?"
திஹமேர்.

"முடிஞ்சுது."