கட்டணமில்லாச் சீட்டு

கிருஷ்ணகிரி டோல்கேட்டில்
கண்ணாடியில் ஒட்டிய சீட்டைப் பார்த்ததும்
குறுக்குக் கம்பி தானாக எழுந்தது.
நான் இரண்டாம் கியருக்கு வருவதற்குள்
முனிரத்தினத்தின் போன் வந்துவிட்டது.

"ஓசூர் ரோட்ல எங்க போற?"

கோபம் இல்லை குரலில்.
சாப்பிட்டியா என்று கேட்பாரே, அதே குரல்.
வண்டி என் பேரில். ஓட்டுவது நான்.
குறுஞ்செய்தி மட்டும் அவர் எண்ணுக்கு.

எங்கேயும் போகவில்லை என்பதை
எப்படிச் சொல்வது ஒருவரிடம்?
"கூட வேலை செய்யற டீச்சர் வீட்டு விசேஷம்" என்றேன்.
"யாரு, சூளகிரி டீச்சரா? என்ன விசேஷம்?"
இல்லாத குழந்தைக்கு ஒரு காதுகுத்தை
ஓட்டிக்கொண்டே
நடத்தி முடிக்க வேண்டியிருந்தது.

குருபரப்பள்ளி தாண்டி
ஒரு மாந்தோப்பு ஓரம் நிறுத்தினேன்.
காய் பறித்து ஓய்ந்த மரங்கள்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு
இருபது நிமிடம் சும்மா இருந்தேன்.
அழவில்லை. அழுதிருந்தால்
சொல்ல ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

ராத்திரி என் போன் கேட்டது:
இந்த இடம் எப்படி இருந்தது?
ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்?

அடுத்த சனிக்கிழமை
போனை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்,
சார்ஜ் முழுசாக.
வீட்டிலேயே இருக்கட்டும் நான்.
காவேரிப்பட்டணத்தில் டவுன் பஸ் ஏறினேன்.
கண்டக்டர் முகம் பார்க்காமல் கிழித்துக் கொடுத்தார்.
பேர் கேட்கவில்லை. எண் கேட்கவில்லை.
ஓடிபி வரவில்லை.
பெண் ஒன்று. அவ்வளவுதான் கணக்கு.
கசங்கிவிடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன்
கே.ஆர்.பி. டேம் வரைக்கும்.

மதகு மூன்று திறந்திருந்தார்கள்.
பொரித்த மீன் ஒரு துண்டு வாங்கி
முள்ளை நிதானமாக எடுத்து
யாருக்கும் ஊட்டாமல் தின்றேன்.

ஞாயிறு காலை
கொழுந்தனார் மகள் ஹேமஸ்ரீ போனை நீட்டினாள்.
எவனோ ஒருவன் டேமில் ஆடுகிறான்.
அவன் தோளுக்குப் பின்னால்
நாலே விநாடி
வாழைப்பூ நிறப் புடவை ஒன்று
மீன் தின்கிறது.
பன்னிரண்டாயிரம் பேர் பார்த்தாயிற்றாம்.

"பெரியம்மா, இது உங்க புடவைதானே?"

முனிரத்தினம் பேப்பரைத் தாழ்த்தினார்.
ரசம் நுரைகட்டி வந்தது, இறக்கினேன்.
"சந்தையில இதே நிறத்துல
நூறு புடவை வித்தான்."

அவள் இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.
இன்னும் பெரிதாக்கினாள்.
முகம் வரவேண்டிய இடத்தில்
கட்டம் கட்டமாய் உடைந்து
வெறும் நிறம்.